எஃகின் உள்ளமைப்பும் நொய்யல் கரையும்

இரும்பை உறுதிக்கு உவமையாகச் சொல்வது நம் பேச்சு வழக்கு. அசையாத மனத்தை இரும்பு மனம் என்கிறோம். தளராத உடலை இரும்பு உடல் என்கிறோம். ஆனால், இரும்போடு நாள்தோறும் பழகுகிற கொல்லரைக் கேட்டுப் பாருங்கள். "எந்த இரும்பு?" என்று அவர் திருப்பிக் கேட்பார். ஒரு வகை இரும்பு வளையும். ஆனால், கூர் நிற்காது. மற்றொரு வகை கண்ணாடியைக் கூடக் கீறும்; ஆனால், கல்லில் விழுந்தால் இரண்டாக உடையும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது கூரும் தாங்கும், அடியும் தாங்கும். அந்த மூன்றாவது வகையைத் தேடி மனிதன் சென்ற நெடும்பயணமே எஃகின் வரலாறு.

கடினமாக இருப்பது வேறு, முறியாமல் இருப்பது வேறு. இவ்விரண்டு குணங்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று பகைத்து நிற்பவை. அவற்றை ஒரே பொருளில் இணங்க வைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கான விடை, எஃகில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதில் மட்டும் இல்லை. கலந்தவை உள்ளே எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதிலும் இருக்கிறது. இந்த உண்மை அறிஞர்களுக்குப் புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று நம் நாட்டில், நொய்யலாற்றின் கரையில் நிகழ்ந்தது என்பது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, திருப்பூரை ஊடறுத்துக் கிழக்கே ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல். திருப்பூரைக் கடந்து ஆற்றின் போக்கிலேயே சென்றால், சென்னிமலைக்கு மேற்கே, அதன் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய பாடல்களில் வருகின்ற கொடுமணம் என்ற ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு நடத்தினர். பின்னர் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரும் பிறரும் அப்பணியைத் தொடர்ந்தனர். தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், அரிய மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட தொழிலின் எச்சங்கள், நூல் நூற்கும் தக்கிளியின் சுடுமண் வில்லைகள், பெருங்கற்காலக் கல்லறைகளில் வைத்த வாள்கள், அம்புமுனைகள் ஆகியவை கிடைத்தன. இவற்றோடு இரும்பு உலைகளும் கசடும் மூசைத் துண்டுகளும் கிடைத்தன. நூலும் இரும்பும் இந்த ஆற்றங்கரையில் அன்றே அண்டை வீட்டாராக வாழ்ந்தன எனலாம்.

மூசை என்பது மண்ணால் செய்து சுட்ட சிறு கலம். பொற்கொல்லர் பொன் உருக்குவதற்கு வைத்திருப்பது போன்றது. அதை இரும்புக்குப் பயன்படுத்தியதுதான் நம் முன்னோர் செய்த பெரும் புதுமை. ஏனெனில், தூய இரும்பை உருக்க 1,538 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். மரக்கரியும் தோல் துருத்தியும் கொண்ட பழைய உலையில் அவ்வளவு வெப்பம் எழுப்புதல் அரிது. ஆகவே, உலகத்தின் பெரும்பகுதியில் கொல்லர்கள் உருகாத, பஞ்சு போன்ற இரும்புக் கட்டியை அடித்து அடித்துக் கசடு நீக்கிப் பயன்படுத்தினர். தென்னாட்டுக் கொல்லரோ அந்த இரும்பைத் துண்டுகளாக்கி, கரியாகக்கூடிய மரத்துண்டுகளோடு மூசையில் இட்டு, வாயை மண்ணால் பூசி மூடி, உலையில் வைத்து ஊதினர். மூசைக்குள் இரும்பு கரியை உண்ணும். கார்பனை உண்ண உண்ண இரும்பின் உருகுநிலை தாழும். உலையின் வெப்பம் அந்தத் தாழ்ந்த நிலையை எட்டியவுடன் மூசையின் உள்ளிருப்பு உருகிவிடும். நெருப்பை உயர்த்த இயலாத இடத்தில் உருகுநிலையைத் தாழ்த்திய நுட்பம் இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலைப் பற்றி எழுதிய ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர், மூசையில் ஆவாரங்கட்டையை இட்டு எருக்கிலையால் மூடும் வழக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். பின்பு ஆறவிட்டு மூசையை உடைத்தால், உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டி கிடைக்கும். எந்தக் கட்டி தேறியது, எது தேறவில்லை என்பதை அதன் மேற்பரப்பைப் பார்த்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த எஃகு கடல் கடந்தும் சென்றது. செங்கடல் துறைமுகங்களில் இந்திய இரும்பும் எஃகும் வந்து இறங்கியதை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடற் பயணம்' என்ற கிரேக்க நூல் கூறுகிறது. மேலை ஆசியாவில் நீரோட்டம் போன்ற வரிகளோடு ஒளிர்ந்த டமாஸ்கஸ் வாள்கள் பிற்காலத்தில் இத்தகைய மூசை எஃகினாலேயே உருவாயின.

ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை இந்த எஃகு ஈர்த்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவரான ஜோசப் பாங்க்ஸுக்குச் சில கட்டிகளை அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் கட்டுரை படித்தார். 'ஊட்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து பரவியது. கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்ற சொல்லின் திரிபே அது என்பர். ஸ்டோடார்ட் என்ற கருவி செய்பவர் அதைக் கொண்டு அறுவைக் கத்திகள் செய்து மெச்சினார். ஆனால், மற்றப் பல ஐரோப்பியக் கொல்லர்களுக்கு அது தொல்லையாகவே இருந்தது. தங்கள் வழக்கப்படி அதை வெண்சூட்டில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தார்கள். அது மண்ணாங்கட்டி போல் உதிர்ந்தது. செஞ்சூட்டிலேயே, பொறுமையாக, பலமுறை காய்ச்சி அடிக்க வேண்டிய எஃகு அது. பொருளைக் கப்பலேற்றிவிட்டோம், அதைக் கையாளும் பக்குவம் கப்பலேறவில்லை.

அந்தப் பக்குவத்தின் காரணத்தைத் தேடிப் பெரிய அறிஞர்கள் புறப்பட்டனர். மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். அவர் 1819-இல் ஊட்ஸைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்கு அலுமினா போன்ற பொருள்களின் கலப்பே காரணம் எனக் கருதினார். அது சரியன்று எனப் பின்னர் தெரிந்தது. எனினும், அவரும் ஸ்டோடார்ட்டும் அதன் பொருட்டுச் செய்த சோதனைகள் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு வித்திட்டன. பாரிஸ் நாணயசாலையைச் சேர்ந்த பிரெயாங் என்பவர் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, 1823-இல் வேறொரு கருத்தை வெளியிட்டார். இந்த எஃகு ஒரே சீரான பொருளன்று. கார்பன் குறைந்த பகுதியும் மிகுந்த பகுதியும் ஆறும்போது தனித்தனியே உறைகின்றன. வாளின் வரிகள் இப்பிரிவினால் தோன்றுபவை என்றார் அவர். எஃகுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் உண்டு என்ற எண்ணம் இவ்வாறு முளைத்தது.

எண்ணத்தைக் கண்ணால் காட்டியவர் ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சார்பி. 1863-இல் அவர் எஃகுத் துண்டைக் கண்ணாடி போல் மெருகேற்றி, நீர்த்த அமிலத்தால் இலேசாக அரிக்கச் செய்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். வெறுங்கண்ணுக்கு ஒரே வெள்ளியாகத் தெரிந்த பரப்பு, வயல் வரப்புகளைப் போலப் பற்பல மணிகளாகப் பிரிந்து நின்றது. ரஷ்யாவில் ஊரல் மலைப் பகுதியில் அனோசவ் என்பவர் 1831-லேயே இத்தகைய முயற்சி செய்திருந்தார். ஆயினும், எஃகின் உள்ளமைப்பைப் படிக்கும் கலை சார்பியிடமிருந்தே தொடர்ச்சியாக வளர்ந்தது.

அங்கே காணப்படும் உறுப்புகள் யாவை? முதலாவது ஃபெரைட், ஏறக்குறையத் தூய இரும்பு, மென்மையானது, எளிதில் வளைவது. இரண்டாவது சிமென்டைட், இரும்பும் கார்பனும் சேர்ந்த கூட்டுப் பொருள், மிகக் கடினமானது, ஆனால் வளையத் தெரியாதது. இவ்விரண்டும் ஏடு ஏடாக மாறி மாறி அடுக்கப்பட்டால் முத்துப்போல் ஒளிர்வதால், அந்த அமைப்புக்குப் பெர்லைட் என்று பெயர். செஞ்சூட்டு எஃகைத் திடீரென நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், கார்பன் வெளியேற நேரமின்றி இரும்புக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அவ்வாறு உண்டாகும் விறைப்பான உறுப்பு மார்ட்டென்சைட். ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் வழங்குவது. ஒரே எஃகு, ஒரே கார்பன். ஆறவைக்கும் வேகம் ஒன்றே மாறுகிறது. உள்ளே வேறோர் உலகம் பிறக்கிறது.

இனி, உள்ளமைப்பு உறுதியை எவ்வாறு ஆள்கிறது என்பதைக் காண்போம். உலோகம் வளையும்போது அதன் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒரு வரிசை முழுவதும் ஒரே நொடியில் வழுக்குவதில்லை. கூடத்தில் விரித்த பவானி ஜமக்காளத்தை அப்படியே இழுத்து நகர்த்துவது கடினம். ஓர் ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பை மறு ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் ஜமக்காளம் நகர்ந்துவிடும். அணு வரிசையில் உள்ள இத்தகைய மடிப்பைப் பிறழ்ச்சி என்போம். 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலான்யி ஆகிய மூவர் தனித்தனியே இக்கருத்தை வெளியிட்டனர். பிறழ்ச்சி தடையின்றி ஓடினால் எஃகு மென்மையாக இருக்கும். வழியில் தடைகள் இருந்தால் உறுதியாகும். மணிகளின் எல்லைகள் தடைகள். கடின உறுப்புகள் தடைகள். மணிகள் சிறியனவாக, எல்லைகள் மிகுதியாக, உறுதி கூடும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்னும் இருவர் அளந்து காட்டினர்.

அப்படியானால் கடின உறுப்பை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். இங்கேதான் இயற்கை தன் கணக்கைக் கேட்கிறது. மெல்லிய உறுப்பும் கடின உறுப்பும் அருகருகே இருக்கையில், இழுவிசை வந்தால் மெல்லியது நீள முயல்கிறது, கடினமானது மறுக்கிறது. இரண்டும் ஒட்டியிருக்கும் எல்லையில் பூசல் மூளுகிறது. ஒன்று, கடினத் துண்டு வெடிக்கும். அல்லது, எல்லை பிரியும். இரண்டிலும் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்குழி. சேதத்தின் முதற்படி இது. இழுவிசை தொடரத் தொடர அக்குழிகள் வளர்வது இரண்டாம் படி. அண்டைக் குழிகள் ஒன்றோடொன்று கைகோத்து விரிசலாவது மூன்றாம் படி. நாம் காணும் முறிவு, உள்ளே நெடுநேரமாக நடந்த ஒரு கதையின் கடைசி வரி.

ஆகவே, கடின உறுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எந்த வடிவில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். மணிகளைச் சுற்றி வலைபோல அது தொடர்ந்து படர்ந்திருந்தால், விரிசலுக்கு ராஜபாட்டை போட்டது போலாகும். சிறு உருண்டைகளாகச் சிதறியிருந்தால், ஒரு துண்டில் பிறந்த விரிசல் அடுத்ததை அடையும் முன் மெல்லிய உறுப்பில் அகப்பட்டு மழுங்கிவிடும். மூசையில் மெல்ல ஆறிய ஊட்ஸ் கட்டியில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கார்பன் உண்டு. அதன் சிமென்டைட் வலை போலவே உறைகிறது. செஞ்சூட்டில் பொறுமையாகப் பலமுறை அடிக்கும்போது அந்த வலை அறுபட்டு, உருண்டைகளாகி, வரிசை வரிசையாக நிற்கிறது. வாளின் நீர்வரி அதுவே. வெண்சூட்டிலோ கார்பன் மிகுந்த பகுதிகள் உள்ளுக்குள் உருகத் தொடங்கிவிடுவதால் கட்டி உதிர்கிறது. அந்த உருண்டைகள் வரிசையில் நிற்பதற்கு வனேடியம் போன்ற பொருள்களின் மிகச் சிறு கலப்பு துணை செய்கிறது என்று 1998-இல் வெர்ஹோவன் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். நூறாண்டு விஞ்ஞானம் எழுத்தில் தந்த விளக்கத்தை, கொல்லரின் கண் நிறத்திலும் கை அடியிலும் அறிந்திருந்தது.

இக்காலத்து மோட்டார் வண்டிகளின் உடலுக்கு வேண்டிய இரட்டை உறுப்பு எஃகும் இதே விதிக்கு உட்பட்டது. 1970-களில் வளர்ந்த இவ்வெஃகில், மெல்லிய ஃபெரைட் கடலில் மார்ட்டென்சைட் தீவுகள் மிதக்கின்றன. தகட்டை வடிவாக அழுத்தும்போது கடல் வளைந்து கொடுக்கிறது; விபத்தில் மோதும்போது தீவுகள் தாங்குகின்றன. தீவுகள் பெருகினால் உறுதி ஏறும். ஆனால் அவை ஒன்றோடொன்று இணைந்து நீண்ட பட்டைகளாகிவிட்டால், தகட்டின் வெட்டு விளிம்பிலிருந்தே கீறல் ஓடும். கடலுக்கும் தீவுக்கும் உள்ள கடினத்தின் வேறுபாடு மிகுந்தாலும் அதே கேடு. எனவே மணிகளை நுண்ணியதாக்குவதும், தீவுகளைச் சிறிதாக்கிச் சிதறச் செய்வதும், கடின வேறுபாட்டைத் தணிப்பதும் இக்காலத்து எஃகு வல்லுநரின் பணியாக இருக்கின்றன.

இவை தொலைவிலுள்ள ஆலைகளின் செய்திகள் என்று எண்ண வேண்டாம். திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில், தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் பின்னலாடைத் தொழில் நடைபெறுகிறது. பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரம் ஒன்றை நோக்குவோம். 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் கொண்ட இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கும். ஒவ்வோர் ஊசியின் தலையிலும் நூலைப் பிடிக்க ஒரு சிறு கொக்கியும், அதை மூடித் திறக்க ஒரு சிறு நாக்கும் உண்டு. இந்த அமைப்பை 1840-களில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்செண்ட் வகுத்தார். இயந்திரம் ஒரு முறை சுற்றுவதற்குள் நூல் வரும் வழிகள் ஒவ்வொன்றிலும் ஊசி ஏறி இறங்க வேண்டும். 90 நூல் வழிகளும் நிமிடத்துக்கு 20 சுற்றுகளும் என்றால், ஓர் ஊசி ஒரு நிமிடத்தில் 1,800 முறை ஏறி இறங்குகிறது. பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைக் கடந்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் கொக்கியின் மேல் விழும் சுமை அற்பமானது. ஆனால் அற்பச் சுமையும் இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறிக்கும். இதை உலோகத்தின் களைப்பு என்பர். இரயில் வண்டி அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியர் வோலர் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அளந்தார். 1903-இல் யூவிங், ஹம்ஃப்ரி என்ற இருவர், சுமை மாறி மாறி வரும்போது மணிகளுக்குள் வழுக்கல் கோடுகள் தோன்றி, அவையே விரிசலாவதை நுண்ணோக்கியில் கண்டனர். அதனால்தான் ஊசிக்கு உயர் கார்பன் எஃகைத் தேர்ந்து, சிமென்டைட்டை முதலில் நுண்ணிய உருண்டைகளாக்கி, பின் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பெரிய கார்பைடு துண்டு ஒன்றோ, கசடின் துணுக்கு ஒன்றோ கொக்கியின் வளைவில் தங்கிவிட்டால் போதும். விரிசல் அங்கே பிறக்கும். கொக்கி முறிந்தால் துணியில் கண்ணி நழுவி நெடுக ஒரு கோடு விழும். உடனே கவனியாவிட்டால் பல மீட்டர் துணி கழிவாகும். பின்னிய தொழிலாளியின் உழைப்பும் அதனோடு போகும்.

மூசை எஃகின் தொழில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830-ஐ ஒட்டி ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். மரக்கரியை நம்பிய அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1856-இல் பெசிமர் கண்ட முறையால் இங்கிலாந்தில் எஃகு மலிந்தது. கப்பலில் வந்த மலிவு எஃகோடு கிராமத்து உலை போட்டியிட இயலவில்லை. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் போன்றவற்றால் காட்டுக் கரியும் எளிதில் கிட்டாமற்போயிற்று. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தந்தை மகனுக்குக் கையால் காட்டிய அறிவு, ஏட்டில் ஏறாமலே மறைந்தது. இன்று மேல்சிறுவலூர், கொடுமணல் போன்ற இடங்களில் கிடைக்கும் மூசைத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்து, அந்த அறிவை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதிலிருந்து வெறும் பெருமை பேசுவது எளிது, அது போதாது. கொல்லருக்குச் செய்யத் தெரிந்தது; ஏன் என்று எழுதி வைக்க அவருக்கு வாய்ப்பு இருக்கவில்லை. அறிஞருக்கு ஏன் என்று ஆராயத் தெரிந்தது; செய்வதற்கு அவர் நெடுங்காலம் திணறினார். கையும் கருத்தும் பிரிந்து நின்றதால் இரு பக்கத்துக்கும் நட்டம் ஏற்பட்டது. மெல்லியதும் கடினமானதும் தக்கவாறு கலந்து அமைந்தால்தான் எஃகு உறுதி பெறுகிறது. தொழிலறிவும் நூலறிவும் அவ்வாறே கலக்க வேண்டும். பள்ளியில் ரசாயனம் படிக்கும் மாணவர் தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, முறிந்த ஓர் ஊசியையோ உளியையோ கேட்டு வாங்கி, அதன் முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் நோக்கட்டும். மங்கலாக நார்போல் கிழிந்திருக்கிறதா, பளபளவென்று மணி மணியாக உடைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். வளைந்து முறிந்ததா, வளையாமலே வெடித்ததா என்பதை அந்த முகமே சொல்லும். பட்டறைக்காரரிடமும் அவர் கண்டதைக் கேட்டு எழுதி வைக்கட்டும். நம் முன்னோர் எழுதாமல் விட்ட பக்கங்களை நிரப்பும் வேலை அவ்விடத்திலேயே தொடங்கிவிடும்.